பத்தாவது பெயர்

இதை நம்புமாறு எவரையும் வற்புறுத்தப் போவதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. நாள்தோறும் விளக்கேற்றிப் பதிகம் ஓதும் நாவினால் பொய் சொல்லலாகாது என்று அறுபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். அந்த நாவினால் ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையே முப்பத்தெட்டு முறை சொன்னேன்.

ஐதராபாத் மல்காஜ்கிரியில் ஓர் அரசு மாலைக் கல்லூரி. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பட்டம் படிக்க வருகிறவர்களுக்காக நடப்பது. அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பித்து வந்தேன். செவ்வாய், வியாழன், சனி. மாலை 6.20 முதல் 7.10 வரை. கடவுள் வாழ்த்து முடிந்ததும் பெயர்ப் பதிவேட்டைத் திறப்பேன். என் வகுப்பில் மட்டும் யாரும் ‘ப்ரெசென்ட் சார்’ என்று சொல்லக் கூடாது. ‘உள்ளேன் ஐயா’ என்றே சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் வேறு எந்த வகுப்பறையிலும் அந்தச் சொற்களை நான் கேட்டதில்லை.

2024 ஆகஸ்ட் 6 அன்று வகுப்புத் தொடங்கியது. பதிவேட்டில் பத்துப் பெயர்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். பத்துக்குக் குறைந்தால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவார்கள். மூடினால் இவர்கள் தெலுங்கோ இந்தியோ எழுத வேண்டும். எழுதத் தெரியாது. ஓராண்டு வீணாகும்.

முதல் பெஞ்சில் அமர்ந்திருந்த லூர்துமேரிக்கு ஓராண்டை இழக்க வழியே இல்லை. பேகம்பேட் மருத்துவமனை ஒன்றில் வார்டு பணியாளர். நாற்பது வயதுக்குள் பட்டம் பெற்றால் எழுத்தர் பணி தருவார்கள். அவருக்கு அப்போது முப்பத்தேழு. பட்டப்படிப்போ மூன்றாண்டு.

“இந்த வருஷம் போச்சுன்னா போச்சு சார். மறுபடியும் பெட்பேன் தூக்க வேண்டியதுதான்” என்றார் அவர். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பத்தாவது பெயர் தண்டபாணி. ஜூலையில் விண்ணப்பமும் அசல் சான்றிதழ்களும் கொடுத்துச் சேர்ந்தவன், பிறகு வரவேயில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. வேலை நேரம் மாறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மாலைக் கல்லூரியில் அது வழக்கம்.

எனவே நான் ஒன்று செய்தேன். அலுவலகத்துக்குக் கேட்கும்படி அவன் பெயரையும் உரக்க அழைத்தேன். ஒரு மூச்சு காத்திருந்தேன். பிறகு, வந்ததாகக் குறித்தேன். ஒன்பது பேரும் தலைகுனிந்திருந்தார்கள். அடுத்த வகுப்பிலும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த வகுப்பிலும்.

ஒரு பெயரை விளக்கு வைக்கும் வேளையில், ஒரே இடத்தில் அமர்ந்து, இடைவிடாமல் அழைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாதா? பக்தி நூல்கள் அனைத்தும் சொல்வது அதைத்தானே. அழைத்தால் வருவான்.

அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் நடுவில் கடைசி பெஞ்சைக் கவனித்தேன். எவரும் அமராத பெஞ்சு. முழுவதும் தூசி. ஓரத்தில் மட்டும், ஓர் ஆள் அமரும் அகலத்துக்கு, தூசி இல்லை.

அக்டோபரில் மாணவர்கள் ஒவ்வொருவராக முன் வரிசைகளுக்கு நகர்ந்தார்கள். காரணம் கேட்டேன். வீடு வீடாக உணவு கொண்டுசேர்க்கும் பாபு மட்டும் சிரித்தான்.

“அங்க நக்கோ சார், வேணாம். ஜில்லுனு இருக்கு. தண்டபாணி அண்ணன் ஏசி போட்டுக்கிட்டுப் படிக்கிறாரு.”

“வாயை மூடு பாபு” என்றார் லூர்துமேரி.

“ஹவ், சரி அக்கா, மூடிட்டேன்.”

அதன் பிறகு பாபு அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்யவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. மாலை 6.05. கல்வித்துறையிலிருந்து ஓர் அம்மையார் ஆய்வுக்கு வந்திருப்பதாகப் பணியாள் சொன்னார். தமிழ்ப் பிரிவில் தலைகளை எண்ணப் போகிறாராம்.

வகுப்பில் ஒன்பது பேர். வராந்தாவில் நின்று கண்களை மூடினேன். இறைவனிடம் வாய்விட்டுக் கேட்டேன். ‘ஒருவனை அனுப்பு. எவனாயினும் சரி.’

இப்படியே கேட்டேன். இதே சொற்கள்.

6.20. அம்மையார் என் மேசையருகே வந்து நின்றார். நான் பெயர்களை அழைத்தேன். ஒன்பது குரல்கள் வந்தன. பத்தாவது பெயருக்கு என் நா எழவில்லை. லூர்துமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்டபாணி.”

மின்விசிறியின் சத்தம்...

“உள்ளேன் ஐயா.”

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல். ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை. லூர்துமேரியின் விரல்கள் கழுத்திலிருந்த ஜெபமாலையை இறுகப் பற்றின.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கடைசி பெஞ்சில் எவரும் இல்லை.

அம்மையார் விரல் நீட்டி எண்ணினார். “செவன்... எய்ட்... நைன்...” விரல் கடைசி பெஞ்சில் போய் நின்றது. “டென். ஓகே.”

கையொப்பமிட்டார். வாசல்வரை சென்றவர் திரும்பினார்.

“வான லேது கதா? ஆ அப்பாயி எந்துகு தடிசாடு?”

மழையே இல்லையே, அந்தப் பையன் ஏன் நனைந்திருக்கிறான் என்று கேட்டார்.

விடைக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

வியாழக்கிழமை மீண்டும் அழைத்தேன். மீண்டும் குரல் வந்தது. முன்பைவிடத் தெளிவாக.

சனிக்கிழமை, மாலை 5.40. லோத்குண்டாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் உஷா. தண்டபாணியின் அக்காள்.

“தம்பியோட சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் சார்.”

“அவனே வந்து பெற்றுக்கொள்ளலாமே” என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“அவன் இல்ல சார். ஜூலைல, இங்க அப்ளிகேஷன் குடுத்துட்டு வர்ற வழியிலேயே... அன்னிக்குப் பெரிய மழை. ரோடு எது, நாலா எது ஒண்ணும் தெரியல. மூணாம் நாள்தான் கிடைச்சான்.”

மழைநீர்க் கால்வாயை இவ்வூரில் நாலா என்பார்கள்.

“ஒண்ணு கேக்கணும் சார். இங்க செவ்வாய், வியாழன், சனி, ஆறு இருபதுக்கு என்ன நடக்கும்?”

“ஏன் கேட்கிறாய்?”

“ஆகஸ்ட்லேருந்து, அந்த மூணு நாளும், கரெக்டா ஆறு இருபதுக்கு, அவன் கட்டில்லேருந்து குரல் வரும். உள்ளேன் ஐயான்னு. எங்க வீட்ல யாரும் அப்படிப் பேச மாட்டோம் சார். அம்மா அஞ்சு மணிக்கே காபி போட்டு வச்சுட்டுக் கட்டில் பக்கத்துல உக்காந்துருவாங்க. அதைக் கேட்டாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்கும்.”

குரல் உடைந்தது.

“செவ்வாக்கிழமை வரல சார். வியாழனும் வரல. அம்மா நாலு நாளா சாப்பிடல. அவன் எங்க போயிட்டான்?”

என் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தேன். தாள்கள் ஈரமாக இருந்தன.

அன்று 6.20. ஒன்பது பெயர்களை அழைத்தேன். பதிவேட்டை மூடினேன்.

“சார்...” என்றார் லூர்துமேரி, மெல்லிய குரலில். “இன்னும் ஒரு பேர் இருக்கு.”

“அவன் வீட்டுக்குப் போகட்டும் அம்மா.”

கடைசி பெஞ்சில் மரம் முனகியது.

எழுந்தது போல...

6.31. கைப்பேசி அடித்தது. உஷா.

“வந்துட்டான் சார். ஆனா... உள்ளேன் ஐயான்னு சொல்லல.”

“பிறகு?”

“நீங்களே கேளுங்க.”

கைப்பேசியைக் கட்டிலருகே பிடித்திருப்பாள் போலும். ஒரு முதியவளின் விம்மல். அதற்கடியில் நீர் குமிழியிடும் ஓசை. பிறகு அந்தக் குரல். நிறுத்தாமல்.

“என் பேரை விட்டுட்டீங்க ஐயா... என் பேரை விட்டுட்டீங்க ஐயா...”

அந்தக் குரல் விடியும்வரை ஓயவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

மார்ச்சில் ஒன்பது பேரும் தேர்வு எழுதினார்கள். லூர்துமேரி தமிழில் முதல் மதிப்பெண். அவர்கள் எழுதினார்கள் என்றால், அடுத்த செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்கு விளங்கும். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும், வியாழனும், சனியும்...

உஷாவின் அழைப்புகளை நான் எடுக்கவில்லை. பிப்ரவரியில் அவை தாமாகவே நின்றன. ஏன் நின்றன என்பது எனக்குத் தெரியும். ஏனெனில் பிப்ரவரி 11 அன்று, பத்தாவது பெயரை நான் அழைத்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன.

ஒன்று அவனுடையது.

மற்றது, கைப்பேசியில் நான் முன்பே கேட்டிருந்த அவன் தாயின் விம்மல்.