கரும்பலகையில் மிச்சமிருந்த சொற்கள்

நஸீமா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் நெய்க்காரப்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில் இருந்தேன். துறையின் வாட்ஸப் குழுவில் இரண்டே வரி. முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி என் தப்பை யார் பார்த்துச் சொல்வார்கள்? அவரோடு பழகிய உங்களுக்கு இந்தப் பயம் புரியும்.

கல்லூரியின் உளவியல் துறையில் பதினோரு வருடம் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. பேகம்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். யாராவது ஓர் ஆய்வு முடிவைச் சொல்லி வியந்தால், "சரி சார், வேற எதனாலயும் அப்படி வந்திருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். வியந்தவருக்குத்தான் சோறு இறங்காது.

என் முனைவர் பட்ட ஆய்வு, இடத்துக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. ஆறாம் எண் அறையின் பலகையில் நாற்பது சொற்களை எழுதி, மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்து, பிறகு டஸ்டரால் அழித்தேன். மறுநாள் பாதிப் பேர் அதே அறையிலும் மீதிப் பேர் நூலகத்திலும் உட்கார்ந்து, நினைவிருப்பதை எழுதினார்கள். அதே அறையில் எழுதியவர்கள் வெளுத்து வாங்கினார்கள். படித்த இடமே நினைவைத் தூண்டுகிறது என்று எழுதிவிட்டுத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது அவரிடம் படிக்கக் கொடுத்தேன். "அன்னைக்கு எழுதுன மாதிரியே எழுதி, அதே டஸ்டரால அழிங்க" என்றார். மறுநாள் காலை, சோதனை நடந்த அதே நேரத்துக்கு, ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்தார்.

"செத்த இங்க வாங்க சார்."

சன்னலோர பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் அழித்த சொற்கள் மங்கலாகத் தெரிந்தன. குடை, பூட்டு, கொய்யா.

"அம்புட்டும் ஞாபகத்துல இருந்து வரல சார். பாத்தும் எழுதியிருக்காங்க."

"வெளிய சொல்லிராதீங்க மேடம்" என்று கெஞ்சினேன். இப்படிக் கெஞ்சியதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் ஏன் சொல்லப்போறேன்? நீங்களே சொல்லுங்க. இன்னொரு தடவ பண்ணுவோம், நானும் கூட வாரேன்."

மூன்று நாள் மறைத்துவிடத்தான் மனம் துடித்தது. நான்காம் நாள் நெறியாளரிடம் சொல்லி அவகாசம் வாங்கினேன். இரண்டாம் சோதனையில், மாணவர்கள் மனப்பாடம் செய்து முடித்ததும் மேடமே ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். இந்த முறை வித்தியாசம் சொற்பம்தான். அதையே எழுதினேன். "இப்ப இதை நம்பலாம் சார்" என்றார்.

போன வாரம் அந்த ஆறாம் எண் அறையிலேயே இரங்கல் கூட்டம். அந்த இடத்தில் எல்லாம் தானாக நினைவுக்கு வரும் என்றார்கள். எனக்கோ எழுந்து நின்றதும் எதுவுமே நினைவுக்கு வரவில்லை. ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது "வேற எதனாலயும்" என்ற அந்தக் கேள்வியையும் அதோடு வரும் பயத்தையும்தான். இரண்டும் என்னைவிட்டுப் போகவேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் பலகையில் எழுதியிருந்த அவர் பெயரை அலுவலக உதவியாளர் டஸ்டரால் அழித்துவிட்டுப் போனார். பழக்கதோஷத்தில் நான் சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நஸீமா என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. வாளியில் ஈரத்துணி இருந்தது. நான் எடுக்கவில்லை.