ஈரத்தோலும் பதினாலாம் நம்பர் ஸ்பேனரும்

எழுபதுகளின் நடுவில் எனக்கு இரண்டு கர்வங்கள் இருந்தன. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் என் கை பட்டு ஓடாத ஆயில் எஞ்சின் கிடையாது என்பது ஒன்று. இன்னொன்று என் மோட்டார் சைக்கிள். பழைய வண்டிதான். நாலைந்து உதை வாங்காமல் கிளம்பாது. ஆனாலும் பட்டறை முதலாளியிடம் பத்து வருஷம் திட்டு வாங்கிவிட்டு வெளியே வந்தவனுக்கு, நான் இப்போது சொந்தத் தொழில்காரன் என்று ஊருக்குக் காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

அந்த வண்டியில் டூல் பாக்ஸ் இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் மிச்சம். சாமான்களைச் சாக்குப் பையில் போட்டு, வாயை முடிந்து, பின்சீட்டில் கயிற்றால் இறுக்கிக்கொண்டு போவேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஏதாவது ஒன்று குறையும். ஒருநாள் திருப்புளி, ஒருநாள் கட்டிங் பிளேயர். ரோடு குண்டும் குழியுமாக இருந்ததால் எகிறி விழுந்துவிட்டது என்று ரோட்டைத் திட்டுவேன். திட்டி முடித்த பிறகு பயம் வரும். சாமான் இல்லாத மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்? இப்படியே போனால் மறுபடியும் அந்தப் பட்டறை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்குக் கடலில் விழலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

சக்கரம் கழற்றுகிற பெரிய புல்லர் காணாமல் போனபோது என் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் ரோட்டில் தேடப் போனேன். நான் வண்டியை உருட்ட, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகவே குனிந்து பார்த்தபடி நடந்தாள். மூன்று மைல் நடந்து கிடைத்தது ஒரு மாட்டு லாடம். வீட்டுக்கு வந்ததும் அவள் சாக்குப் பையை உள்வெளியாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, பொத்தலே இல்லியே. முடிச்சும் போட்ட மேனிக்கு இருந்துச்சு."

"மேல் வழியா எகிறிகினு போயிருக்கும். உனுக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும்.

அவள் சாக்கை உதறி மடித்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து, "எங்க அத்தாகிட்ட தோலு கீது. நானே ஒரு பை தெச்சித் தரேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய அத்தா, அதாவது என் மாமனார், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கடை போட்டு ஜட்கா குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைப்பவர். அந்தக் கடையில்தான் அவள் வளர்ந்தாள். இருந்தாலும் எனக்குத் தெரிந்து அவள் தைத்ததெல்லாம் ஜாக்கெட்டுக்கு ஊக்குதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தேன். கூடத்தில் எருமைத் தோல் விரித்துக் கிடந்தது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், வெல்ல நிறம். சாமான்களைப் பக்கத்தில் பரப்பச் சொன்னாள். டேப் எடுக்கவில்லை. சாணால் அளந்தாள், விரற்கடையால் அளந்தாள். "எஞ்சினாண்ட ஒக்காந்ததும் மொதல்ல எதுல கைய வெப்பீங்க?" என்று கேட்டாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். என் கை போன வரிசையிலேயே தோலில் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டு வந்தாள்.

பிறகு தைக்க உட்கார்ந்தாள். மரக்கவ்வையில் தோலைச் செருகி இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். குத்தூசியால் ஒரு துளை. ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அதே துளைக்குள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. உடனே இரண்டு கையையும் அகல விரித்து ஒரு இழு. மெழுகு தடவிய நூல் கிரீச்சென்று தோலுக்குள் இறங்கியது.

"ஒரு பக்கம் அறுந்தாலும் இன்னொரு பக்கம் வுடாது" என்றாள், தலை நிமிராமலே.

ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம் எனக்குச் சோறு போட்ட கைகள் அவை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற உள்பக்கத் தோலை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, என் சாமான்களை வரிசையாக அதன்மேல் அடுக்கி, ஈரத்துணி போட்டு, அம்மிக்கல்லைத் தூக்கிவைத்தாள். அச்சு பதிந்தால் சாமான் ஆடாது என்றாள். சாயங்காலம் கல்லை எடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு பதிந்திருந்தது, ஆனால் மசியைக் கொட்டியதுபோல் கன்னங்கரேலென்று. ஒவ்வொரு ஸ்பேனரும் தன் உருவத்தை அந்த அழகான தோலில் கறுப்பாக விட்டுவிட்டிருந்தது.

"சேணக்காரர் பொண்ணு பண்ற வேலையா இது? மொத்தத் தோலும் நாஸ்தி!"

"ஆமா, கறுத்துப் போச்சு. இனிமே இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கறுப்பு உருவத்தின் மேலும் ஒரு சின்ன வாரைத் தைக்க ஆரம்பித்தாள்.

பை வண்டியில் ஏறியது. பார்த்தவரெல்லாம் எந்த ஊர் பை என்று கேட்டார்கள். நான் டீக்கடை பெஞ்சில் அதைத் திறந்துவைத்து, தையலைப் புகழ்ந்துவிட்டு, "உள்ள பாரு, எங்க வூட்டம்மா மை பூசின அழகை" என்று சொல்லிச் சிரிப்பு மூட்டுவேன். விருந்தாளிகள் வந்தாலும் இதே கூத்துதான். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

சில மாதம் கழித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு எஞ்சின் வேலை. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் வைத்த பழைய எஞ்சின். அஸர் தொழுகைக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று அவசரம். வேலை முடிந்ததும் கொல்லைக்காரர் ஹேண்டிலை எடுத்தார். தன் எஞ்சினைத் தானே சுற்றினால்தான் அவருக்குத் திருப்தி. "நீ பையக் கட்டு பாய், நான் சுத்திக்கறேன்" என்று குனிந்தார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தேன். வெல்ல நிறத் தோலில் ஒரு இடம் கறுப்பாக, காலியாக என்னைப் பார்த்தது. பதினாலாம் நம்பர் ரிங் ஸ்பேனர்.

"வுடுங்க! ஹேண்டில வுடுங்க!"

அவர் அப்படியே நின்றார். "இன்னா பாய், பாம்பா?"

ஸ்பேனர் சக்கரத்தின் ஆரக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் மாட்டியிருந்தேன். ஒரு முழுச் சுற்று வந்திருந்தால் அது எங்கே பறந்திருக்கும் என்று பார்த்தேன். அவர் முகம் அதற்கு நேராக, ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் ஸ்பேனரை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

பையை முடிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. அந்த ரோடு என்னிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை. புல்லரும் பிளேயரும் திருப்புளியும் நான் மறந்துவிட்டு வந்த ஏதேதோ எஞ்சின் மேலும் கிணற்று மேட்டிலும் கிடந்திருக்கும். அவற்றில் ஒன்றாவது யார்மேலாவது பாய்ந்ததோ என்னவோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

மறுநாள் காலை மாமனார் கடைக்குப் போனேன். அவர் ஈரமான வார் ஒன்றை மரப்பலகையில் நீவிக்கொண்டிருந்தார். கத்தியும் குத்தூசியும் தள்ளி ஒரு துணிமேல் இருந்தன. இடது கையை நீட்டி நீட்டி எடுத்தார்.

"இன்னா மாமா, பக்கத்துல வெச்சிக்கலாமே?"

"ஈரத்தோல்ல இரும்பு பட்டா கறுத்துடும் மாப்ள. அப்பறம் இன்னா தேச்சாலும் போவாது. ஒம் பொண்டாட்டி ஆறு வயசுல ஒருவாட்டி ஆணிய வெச்சிட்டு என்கிட்ட ஒத வாங்கினா. அதுக்கப்புறம் ஒருநாளும் அந்தத் தப்பு பண்ணதில்ல."

நான் டீ கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நேற்று நடந்ததைச் சொன்னேன். அவள் கைகள் தண்ணீருக்குள்ளேயே நின்றன.

"வேணும்னுதான் வெச்சியா?"

"நீங்கதான் மறந்து வெச்சிட்டு வர்றீங்கன்னு ரோட்டுல தேடும்போதே தெரியும். வாயால சொன்னா கத்துவீங்க."

"அவ்ளோ பேர் எதுர்ல உன்ன கிண்டல் பண்ணேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் களைந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள்.

"நீங்க தொறந்து தொறந்து காட்டி சிரிக்கும்போதெல்லாம், உள்ள எல்லாம் கீதான்னு நான் பாத்துக்குவேன்" என்றாள்.