அக்காவின் இருமலுக்கு நான் சொன்ன காரணம்

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன் நான். அதன்பிறகு எந்த வேலையிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. செமோரில் மோட்டார் சைக்கிள் பட்டறை, ஈப்போவில் ஓர் உணவுக்கடையில் மங்கு, தட்டு கழுவும் வேலை, பிறகு பழைய பேப்பர் வாங்கும் லாரி. அந்த லாரியில்தான் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவரின் கொள்கைகளை யாரோ எளிய தமிழில் சுருக்கி எழுதியிருந்தார்கள்.

சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து நான்கு முறை படித்தேன். மனிதன் தனக்கே தெரியாமல் ஒன்றை உள்ளே புதைத்துவைக்கிறான், அது கனவாகவும் நோயாகவும் வெளியே வருகிறது என்றது புத்தகம். எனக்குத் தலை சுற்றியது. பள்ளி கொடுக்காத ஒரு சாவி கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். யார் என்ன சொன்னாலும் அதன் பின்னால் வேறொன்று எனக்குத் தெரிந்தது.

அக்கா அப்போது கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். ரப்பர் பால்மரங்களை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட தோட்டம். முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்தடிப்பது அவள் வேலை. அவள் புருஷன், என் மாமா, அவளை விட்டுவிட்டு ஜொகூருக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. லாரி வேலை எனக்குச் சலித்தபோது பையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அங்கேயே தங்கிவிட்டேன்.

அக்காவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள். இருமல் விடவில்லை. கை விரல் நகங்கள் வெள்ளை வெள்ளையாகி இரண்டு விழுந்தும் விட்டன. தோட்டத்து கிளினிக்கில் இருந்தவர் பார்த்துவிட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"போகட்டுமாடா? ஒரு நாள் வேல போயிரும். நீதான் படிச்சவன், நீ சொல்லு."

நான் கடிதத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். "ராத்திரி என்ன கனவு வருது?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள். ஒரு கதவு வருகிறதாம். தள்ளுகிறாளாம், திறக்கவில்லையாம், மூச்சு முட்டுகிறதாம்.

"அந்தக் கதவு மாமாதான்," என்றேன்.

"போடா. அது ஸ்டோர் கதவு. காலையில மருந்து எடுக்கப் போறப்ப இறுகிக்கும். தோளால முட்டித்தான் தொறப்போம்."

புத்தகத்தில் இதற்கும் பதில் இருந்தது. உண்மையை நெருங்கும்போது நோயாளி மறுப்பார், அந்த மறுப்பே நாம் சரியான இடத்தைத் தொட்டதற்கு அடையாளம். அதனால் அவள் இல்லை என்றதும் எனக்கு இன்னும் நிச்சயமாயிற்று. மாமாவிடம் சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள்தான் நெஞ்சில் நின்று இருமலாக வருகின்றன, ஆத்திரம்தான் ரத்தமாக வருகிறது என்று விளக்கினேன். நகத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை. அதனால் நகத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அக்கா அழுதாள். அன்று மாலை முழுக்க மாமாவைப் பற்றிப் பேசினாள், ஆறு வருடத்தில் யாரிடமும் பேசாததையெல்லாம். மறுநாள் முகம் தெளிந்திருந்தது. அந்த வாரம் ரத்தம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மழை, மருந்தடிக்கும் வேலை நடக்கவில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேணாம். இது உடம்புல இல்ல," என்றேன். கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் போனது.

தோட்டத்து வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்கச் செய்தி பரவியது. மாலையில் ஓரிருவர் கனவோடு வர ஆரம்பித்தார்கள். நாற்காலி போட்டு எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். அதுவரை எந்த இடத்திலும் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

அக்காவோடு மருந்தடிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வாய் துடுக்கு. ஒரு நாள் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தினாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கறேன் லா. அக்காவுக்கு மூக்குல ரத்தம் வர்றது புருஷன் ஓடிப்போனதாலன்னு சொன்னீங்களாம்?"

"மனசுக்குள்ள இருக்கறது அப்படித்தான் வெளிய வரும்," என்றேன்.

"எனக்கும்தான் வருது. என் புருஷன் எங்க ஓடினான்? அங்க பாருங்க, வாசல்ல தொப்பையப் போட்டுட்டுக் கெடக்கறான். ஓடினா தேங்கா ஒடைப்பேன். பின்வரிசை வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகல, அவளுக்கும் வருது. மூணு பேரும் சுமக்கறது ஒரே மருந்து பம்ப்பு. ஒழுகி ஒழுகி முதுகே வெந்து போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷனும் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். இவளுக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றே கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவை பஸ் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை.

எட்டு மாதம் கழித்து அக்கா குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பார்த்தது ஒரு சீன டாக்டர், இளம் பெண். மலாயில் பேசினார். அவருடைய முதல் கேள்வி, என்ன வேலை என்பது. இரண்டாவது, என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பது. அக்காவுக்குப் பெயர் தெரியவில்லை. "நீலமா இருக்கும்" என்றாள். எனக்கும் தெரியவில்லை. அவளுடைய கனவுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவள் தினமும் தொட்ட தோங்கில், அந்த மருந்துப் பீப்பாயில், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கூடப் பார்த்ததில்லை.

நான் தயங்கித் தயங்கி, இது மனது சம்பந்தப்பட்டதாக இருக்கலாமே என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. இருக்கலாம், ஆனால் இப்போது சொல்ல முடியாது, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். என்னென்ன காரணம் இருக்கலாம் என்று ஒரு தாளில் காசநோய் என்று ஒன்று, மருந்து விஷம் என்று ஒன்று, இன்னும் இரண்டு எழுதினார். சளியைச் சோதித்த பிறகு காசநோயைக் கோடு போட்டு அடித்தார். வேறொரு சோதனைக்குப் பிறகு மற்றொன்றை அடித்தார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் நான் எதையும் அடித்ததில்லை.

பட்டறையில் இருந்தபோது எனக்கே இது தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கை மாற்றிப் பார்ப்போம். அப்போதும் ஆகவில்லை என்றால் பிளக் காரணம் இல்லை. ஸ்டார்ட் ஆகாததே பிளக் கெட்டதற்கு அத்தாட்சி என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டான், சொன்னால் முதலாளி ஸ்பேனராலேயே எறிவார். ஆனால் அந்த வியன்னா மருத்துவரின் முறையில் ஆமாம் என்றாலும் அவர் சரி, இல்லை என்றாலும் அவர் சரி. எது நடந்தால் தான் தவறு என்று அவர் ஒப்புக்கொள்வார் என்பதை அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை.

அக்கா வார்டில் இருந்த நாட்களில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து போனில் அந்த வியன்னா மருத்துவரைப் பற்றிப் படித்தேன். அவரிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய நண்பர் மூக்கில் அறுவை செய்து, கட்டுத்துணியை உள்ளேயே மறந்து வைத்துவிட்டார். ரத்தம் கொட்டியது. துணியை வெளியே எடுத்த பிறகும், அவள் ரத்தம் சிந்தியது ஏக்கத்தால் என்றுதான் இவர் பின்னாளில் எழுதினார். இன்னொரு சிறுமியின் வயிற்றுவலியை ஹிஸ்டீரியா என்று பார்த்தார். அவள் வயிற்றில் கட்டி இருந்தது, செத்துப்போனாள். படித்ததும் போனை அணைத்துவிட்டேன். உலகப் புகழ் பெற்ற மனிதர் செய்ததைத்தான் லயத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நானும் செய்திருக்கிறேன் என்பதில் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

அவர் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நான் எழுந்து போக முடியாது. பிறர் பேச்சை மணிக்கணக்கில் குறுக்கிடாமல் கேட்கவேண்டும் என்று அவர் சொன்னது நல்ல காரியம். மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்வான் என்று அவர் சொன்னதும் உண்மை, நானே சாட்சி. ஆனால் கேட்பது வேறு, கேட்டதற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வது வேறு. இரண்டாவதற்குச் சோதனை வேண்டும். அவரிடம் அது இல்லை. அவருக்குப் பேச்சு இருந்தது, நல்ல எழுத்து இருந்தது, என்னைப் போன்றவர்கள் வாயைப் பிளந்தோம்.

தோட்டத்துக்குத் திரும்பிப் போய் ஸ்டோரில் தோங்கைப் பார்த்தேன். மண்டையோட்டுப் படம் போட்டு, 'ராச்சுன்', விஷம் என்று மலாயில் பெரிய எழுத்து. போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் தலையாட்டினார். நுரையீரல் தழும்பாகிவிட்டது, இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், போனது திரும்பாது என்றார். முதலிலேயே வந்து வேலையை விட்டிருந்தால் என்று கேட்டேன். இவ்வளவு போயிருக்காது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

வேலை இல்லையென்றால் தோட்டத்து வீடும் இல்லை. இப்போது இருவரும் ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். அறையிலிருந்து அடுப்பங்கரைக்கு வர அக்கா இரண்டு இடத்தில் நிற்கிறாள். நான் பக்கத்துத் தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் தாண்டியும் விடவில்லை.

ஒரு நாள் கேட்டேன். "ஏன்க்கா நான் சொன்னத நம்பின?"

"வேற யாரு ஒக்காந்து கேட்டா?" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "கேட்டதோட நிறுத்தியிருக்கலாம்டா."

மாதம் ஒருமுறை ஈப்போவுக்குப் போகிறோம். போன மாதம் டாக்டர், எப்படி இருக்கிறார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையில் கை வைத்தாள்.

"நான் சொல்றேன்."

உடைந்த மலாயில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று சொன்னாள். எப்போது முட்டுகிறது, எந்தப் பக்கம் படுத்தால் தேவலை, எத்தனை எட்டு நடக்க முடிகிறது. வெளியே வரிசை நீண்டிருந்தது, நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.