ஓரகத்திக்குக் கிடைத்த வேலை

அரியலூர் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும் இன்ஜின், புறப்படுமுன் அடியிலிருந்து சாம்பலைக் கொட்டும். சூடு அடங்குவதற்குள் அதில் கைவிட்டுப் பாதி எரிந்த கரித்துண்டுகளை அள்ளிவிடுவாள் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. யுத்த காலத்தில் செந்துறைப் பக்கம் காட்டுவேலை இல்லாமல் போக, இருவரும் ஒன்றாகத்தான் டவுனுக்கு வந்தோம். ஸ்டேஷன் பின்புறத்துச் சாம்பல் மேட்டில் கரியும், தெருக்குப்பையில் தகரமும் பொறுக்கி விற்றோம். காலையில் துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். அது இருவருக்கும் பொது. ஆனால் கூடை நிறைவது அவளுக்குத்தான் முதலில். கொல்லுப்பட்டறைக்காரர் அவள் கரியைத்தான் தேடி வாங்குவார். அவள் சிரித்தால் இன்ஜினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன்கூட எரியாத கரி ஒன்றைத் தள்ளிவிடுவான். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவள் கிளறிய சாம்பலில் கங்கு ஒன்று வெடித்து இடது கண்ணில் பட்டது. நான்தான் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண் போய்விட்டது. இரக்கப்பட்ட டாக்டர், புண் ஆறியதும் அங்கேயே பெருக்கித் துடைக்கும் வேலை கொடுத்தார். நீலக்கரைச் சேலை, சோப்புப் போட்டுக் கழுவிய விரல்கள், மாதம் பிறந்தால் சம்பளம். அந்தக் கங்கு என் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பிறகு துருப்பிடித்த தகரம் என் காலைக் கிழித்தது. சீழ் வைத்து வீங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் வருவதற்குள் அவளே கீழே உட்கார்ந்து வெந்நீரில் கழுவினாள்.

“இனிமே அங்க போவாதடி. டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், நீயும் இங்க வந்துடு.”

“ஒன் தயவுல நான் சோறு திங்கணுமாக்கா?”

ஒற்றைக் கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கண்ணு போனவ மேலயும் ஒனக்குப் பொறாமையா?” என்றாள். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

நொண்டிக்கொண்டே சாம்பல் மேட்டுக்குத் திரும்பினேன். சுதந்திரம் வந்தது என்று ஊரெல்லாம் கொடி கட்டிய அன்றும் அங்கேதான் இருந்தேன்.

இன்று இருவருக்கும் தலை வெளுத்துவிட்டது. அவ்வப்போது என்னைப் பார்க்க வருகிறாள். படியேறி வந்தும் இளைப்பு இல்லை. உட்கார்ந்ததும் ஊர்க்கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். குனிந்து இருமிக்கொண்டே, அவளுக்கு மூச்சு எத்தனை லேசாகப் போய்வருகிறது என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.