படபடப்புக்கு மோர்

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, ஓசூர் ரோடு மேம்பாலத்தின் அடியில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. அன்று காலைதான் எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. ஹாஸ்டலில் வாட்ச்மேன் வேலையை விட்டிருந்தேன். எந்த வேலையிலும் மூன்று மாதம் தாங்காதவன் நான் – வாரா வாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியாததா?

கிளம்பும்போது எனக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்த சமையல்கார ஸ்டெல்லா அக்கா, கரண்டியோடு அப்படியே சரிந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

போன மாதம்தான் அவருக்கு ஹார்ட் அட்டாக். வயது நாற்பத்தாறு. அப்போதும் கூட இருந்தவன் நான்தான். தம்பி என்று சொல்லி ஃபார்ம் நிரப்பினேன். முன்பு ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்ற இடத்தில் அக்காவைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினார். எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்... ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும்.

இந்த முறை, மருந்தேற்றித் துடிப்பை நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, டாக்டரம்மா அந்த ஃபார்மைக் காட்டி நான்தான் எழுதினேனா என்று கேட்டார். நர்ஸிடம் தனியாக அக்கா சொல்லிவிட்டாராம். முப்பத்திரண்டு வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தாகிவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிற்று ஆபரேஷனுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறதாம். சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரேயடியாகக் குறைந்துவிடும்; உடம்பு எரியும், படபடக்கும். அந்த ஹார்மோன் இதயத்துக்கும் ஒரு காவல். சின்ன வயதில் அந்தக் காவல் போனால் அட்டாக் சீக்கிரம் வரலாம். அட்டாக்கில் தழும்பு விழுந்த இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் அது இன்னும் மோசமாகுமா என்று ஆராய்கிறார்கள், முடிவாகச் சொல்ல முடியாது என்றார்.

"ஆனா அட்டாக்குக்கு அப்புறம் வர்ற படபடப்பை இப்படி விடக் கூடாது. பத்து நாளா இருந்திருக்கு. யாரும் கேக்கலையா?"

கேட்டேனே! பல வருடமாகவே அக்காவுக்கு உடம்பு திகுதிகுவென்று எரியுமாம், நெஞ்சு படபடக்குமாம். எல்லாம் சூடு என்பார். இதுவும் அதே சூடு என்றார். நானும் மோர் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளும்.

உள்ளே போய், ஏன் மறைத்தீர்கள் என்றேன்.

"பேனாவோட நிக்கிறது ஆம்பளைப் புள்ள. அவன்கிட்ட போய் அதைச் சொல்லுவாங்களாப்பா?" பிறகு மெதுவாக, "ஒரு வாரம் படுக்கணுமாம். ஓனர் வேற ஆளைப் போட்டுட்டா நான் எங்க போவேன்?"

தண்ணீர் லாரிக்காரனையே தெருவில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற பெண். ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சம்... உயிரே போக இருந்தது. எத்தனை பெண்கள் இப்படித் தலையாட்டியிருப்பார்கள்? எத்தனை பேர் நாம் அதை அழகாக எழுதிக் கொடுத்திருப்போம்?

மேம்பாலத்தின் அடியில், நான் பிடிக்க இருந்த ஓசூர் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே பி.ஜி.யின் சமையலறையில் நின்றேன். அக்கா வரும்வரை நான்தான் சமையல் என்று ஓனரிடம் பேசியாகிவிட்டது. நாற்பது பேருக்கு உப்புமா. கட்டி கட்டியாக வந்தது.

நல்லதுதான் – அக்காவின் வேலையை எனக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட மாட்டார்கள்.