கொம்பு உரைத்த கல்

கனடாவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் புனிதவதியைத் தெரிந்தவர்கள் குறைவு. கட்டடத்தின் படிகளைத் துடைக்கிற, வாய் திறவாத பெண். அவளுடைய தம்பி லவன் கென்யாவில் இருப்பதை அவள் வெளியில் சொன்னதில்லை. கனடாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிப்போன ஏஜென்ற் அவனை நைரோபியில் விட்டுவிட்டு மறைந்தான். மின்வேலி திருத்தத் தெரிந்தவன் என்று, காண்டாமிருகங்களைக் காக்கும் காப்பகம் ஒன்று அவனுக்கு வேலை கொடுத்தது. ஞாயிறு காலைகளில் அக்காவுக்குப் போன் எடுப்பான்.

கொம்புக்கு வந்த கள்ளர், அவனோடு காவலுக்கு நின்றவனைச் சுட்டுக் கொன்ற செய்தியையும் அப்படித்தான் சொன்னான்.

"உந்த வேலையை விட்டிட்டு வா, தம்பி."

"வேலி அறுந்தா ஆர் கட்டிறது? அந்தக் கொம்பு எங்கட நகம் மாதிரிச் சாமான், அக்கா. மருந்தெண்டு நம்பி வாங்கிற விசரர் இருக்கும்வரை அவங்கள் வருவாங்கள்."

அந்தக் கிழமை மகள் அட்சயாவுக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டரின் மருந்துக்கு அது இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கோணேஸ்வரி அன்ரி, குழந்தைகளுக்குக் கோரோசனை உரைக்கும் கல்லோடும் கறுத்த துண்டொன்றோடும் வந்தார்.

"காண்டாமிருகக் கொம்பு, மகள். ஒராள் மூலமா எடுப்பிச்சது. உரைச்சு நாக்கில தடவு."

புனிதவதி கணவனைப் பார்த்தாள்.

"யோசிக்கிற நேரமே இது? உரையும்," என்றான் நவரட்ணம்.

பிள்ளையின் மூச்சு மடியில் சுட்டது. அவள் உரைத்தாள். கல்லில் வெளிறிய பால் போல் ஊறியது. தீய்ந்த நகத்தின் மணம். விரலில் தொட்டு, பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனவள், கையைச் சட்டையில் துடைத்தாள்.

"ஏலாது. என்ர தம்பியை உதுக்காகத்தான் சுடப் பார்க்கிறாங்கள்."

"நீ உரைக்காட்டி அந்த மிருகத்துக்குத் திரும்ப உயிர் வருமோ?" என்றார் அன்ரி.

புனிதவதி கல்லை மேசையில் வைத்தாள். பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் கீழே இறங்கும் லிப்ற்றுக்கு நடந்தாள். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்றபடி நவரட்ணம் பின்னால் வந்தான்.

சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஊசி ஏற்றினார்கள். காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

ஞாயிறு காலை உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தாள். கல் மேசையில் கிடந்தது. கொம்புத் துண்டைக் காணவில்லை. மேல்மாடிக் குழந்தை ஒன்றுக்குச் சளி என்று அன்ரி அதை அங்கே கொண்டுபோனதாக நவரட்ணம் சொல்லியிருந்தான். போன் அடித்தது, லவன். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு எப்பிடி?"

"ஆஸ்பத்திரியில. பார்ப்பம்."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

கல்லில் காய்ந்திருந்த கறையை அவள் நகத்தால் சுரண்டினாள். அது போகவில்லை.

"ஒண்டுமில்லை," என்றாள். "வேலி சரியா இருக்கோ, தம்பி?"