முத்துலட்சுமி போனை எடுக்காத பதினைந்து நாள்

தாயில்பட்டி முத்துலட்சுமிக்குப் பட்டாசுக் கம்பெனி வேலை மட்டும்தான் தெரியும். ஒரு விபத்தைப் பார்த்த பிறகு அங்கே போகப் பயம். மூன்று மாதம் என் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பில் போடப் பழகினாள். மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அப்புறம் சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டேன்.

அதோடு சரி. பதினைந்து நாளாக மத்தியானம் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. முன்னால் என்னிடம் பழகி வேலைக்குப் போனவர்களும் அப்படித்தான்.

இன்று கடைக்கே போய்விட்டேன். வெறுங்காலோடு நின்று பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“செருப்பு எங்கம்மா?”

“வெளிய கிடக்குக்கா. போனு வீட்டுல இருக்கு. கம்பெனிக்குள்ள கொண்டாரக் கூடாதுல்ல?”

“ஏம்மா, துணி வெடிக்குமா?”

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். “ராத்திரி போய்த்தான் பார்ப்பேன். தூங்கியிருப்பீகன்னு கூப்பிடுறதில்ல. சாப்பிட்டீகளாக்கா?”

நாளையிலிருந்து போனைக் கொண்டுவருவாளாம்.

சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன். பாதி வழியில் உறைத்தது. நாளைக்கும் அவள் எடுக்காவிட்டால், எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இருக்காது.

கூப்பிடவா, வேண்டாமா? வீட்டில் கேட்க ஆளில்லாமல்தான் உங்களைக் கேட்கிறேன்.